கையில் காசில்லாத நேரத்தில் வழக்கு வந்தால்: திருகோணமலைக் குடும்பங்கள் இலவச சட்ட உதவி பெறுவதற்கான முழுமையான வழிகாட்டி

காசில்லாதவனுக்கு வழக்கு எதற்கு என்று நினைத்து, வந்த அழைப்பாணையை மடித்து அலுமாரிக்குள் வைத்துவிடுகிற குடும்பங்கள் நம் மாவட்டத்தில் நிறைய இருக்கின்றன. அந்தத் தாள் உள்ளே கிடக்கிற நாட்களில்தான் வழக்கு தோற்கிறது. நான் பார்த்த அளவில், ஏழைகள் தங்கள் பக்கம் நியாயம் இல்லாமல் தோற்பது குறைவு. நாள் தவறித் தோற்பதுதான் அதிகம். ஆகவே இந்த வழிகாட்டியில் எங்கே போவது என்பதோடு, எத்தனை நாளுக்குள் போகவேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்ட உதவிச் சட்டத்தின் கீழ் உருவானது சட்ட உதவி ஆணைக்குழு. சட்டத்தரணிக்குக் கட்டணம் செலுத்த வசதியில்லாதவர்களுக்கு ஆலோசனை சொல்வதும், அவர்களுக்காக நீதிமன்றத்தில் தோன்றுவதும் அதன் சட்டபூர்வமான கடமை. யாரிடமும் கெஞ்சிக் கேட்க வேண்டிய தருமம் அல்ல இது. அரசியல்வாதியின் கடிதமோ தெரிந்த ஆளின் சிபாரிசோ தேவையில்லை. கூச்சப்படாமல் போங்கள்.

இங்கே நான் எழுதுவது குடியியல் விடயங்களைப் பற்றி மட்டும்: கடன், தாபரிப்பு (துணைக்கும் பிள்ளைகளுக்கும் தரவேண்டிய பராமரிப்புப் பணம்), விவாகரத்து, காணி, வாரிசுரிமை, சம்பளம். பொலிஸ் பதிந்த குற்ற வழக்கு வேறு பாதை.

முதல் படி: உங்கள் பிரச்சினை எந்தக் கதவுக்குரியது?

எல்லாவற்றுக்கும் நீதிமன்றம் போக வேண்டியதில்லை. பலர் தவறான இடத்தில் மாதக் கணக்கில் அலைந்து களைத்துப்போய்ச் சரியான இடத்துக்குப் போகாமலே விட்டுவிடுகிறார்கள்.

கணவர் செலவுக்குப் பணம் தருவதில்லை, வீட்டில் அடி உதை என்றால் நீதவான் நீதிமன்றம். விவாகரத்து, காணிப் பங்கு, உறுதி தொடர்பான வழக்கு, பெரிய கடன் வழக்கு என்றால் மாவட்ட நீதிமன்றம். திருகோணமலை நகரிலும் மூதூரிலும் நீதிமன்றங்கள் இருக்கின்றன. வெருகல், சேருவில பக்கத்தவர்கள் நகரத்துக்குப் பயணப்படும் முன் தங்கள் வழக்கு மூதூருக்குரியதா என்று விசாரித்துக்கொள்ளுங்கள். அரச காணி அனுமதிப்பத்திரம் பற்றிய சிக்கல் முதலில் பிரதேச செயலகத்துக்குரியது. சம்பளம், ஊழியர் சேமலாப நிதி என்றால் தொழில் அலுவலகம். முஸ்லிம் திருமணச் சட்டத்தின் கீழ் மணம் முடித்தவர்களின் விவாகரத்தும் தாபரிப்பும் காதி நீதிமன்றத்துக்குரியவை.

எந்தக் கதவென்று தெரியவில்லையா? அதைக் கேட்பதற்காக மட்டுமே ஆணைக்குழுவின் சட்ட உதவி நிலையத்துக்குப் போகலாம். ஆலோசனை கேட்க வழக்கு இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. வழக்கு வருமுன் கேட்பவர்கள் பெரும்பாலும் வழக்கில்லாமலே தப்பிவிடுகிறார்கள்.

இரண்டாம் படி: தாள்களைச் சேர்த்தல்

வெறுங்கையோடு போனால் ‘நாளைக்கு ஆவணங்களுடன் வாருங்கள்’ என்ற பதில்தான் கிடைக்கும். புல்மோட்டையிலிருந்து வருபவருக்கு அந்த ‘நாளைக்கு’ என்பது ஒரு நாள் கூலி.

தேசிய அடையாள அட்டை, கிராம உத்தியோகத்தரிடம் பெற்ற வதிவிடச் சான்று, பிரதேச செயலகத்தில் மேலொப்பமிடப்பட்ட வருமானச் சான்று, அஸ்வெசும கொடுப்பனவு பெறுபவராக இருந்தால் அதற்கான ஆதாரம் ஆகிய நான்கும் அடிப்படை. குடும்ப வழக்கென்றால் திருமணச் சான்றிதழ், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்கள். காணியென்றால் உறுதி, அனுமதிப்பத்திரம், நில அளவைப் படம், வரி கட்டிய பற்றுச்சீட்டு. கடனென்றால் ஒப்பந்தம், தவணை அட்டை, வங்கிக் கடிதங்கள், கைபேசிக்கு வந்த குறுஞ்செய்திகள். வந்த கடிதத்தின் உறையையும் எறிந்துவிடாதீர்கள். அஞ்சல் முத்திரையில் உள்ள தேதி எந்த நாளில் உங்களுக்குக் கிடைத்தது என்பதற்குச் சாட்சி.

வருமானச் சான்று பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஆணைக்குழு ஒரு மாத வருமான வரம்பு வைத்திருக்கிறது. அது அவ்வப்போது திருத்தப்படுவதால் போகும்போது நடைமுறையில் உள்ள தொகையைக் கேளுங்கள். கடற்றொழில் செய்யும் குடும்பங்களுக்கு இங்கே அநியாயம் நடந்துவிடக் கூடும். கச்சான் காலத்தில் நல்ல பிடிபாடு உள்ள ஒரு மாத வருமானத்தைச் சொல்லிவிட்டு, வாடைக் காலத்தில் வள்ளம் கரையில் கிடப்பதைச் சொல்லாமல் விட்டால், உங்கள் வருமானம் இருப்பதைவிடப் பெரிதாகத் தெரியும். ஆண்டு முழுவதற்குமான வரவைச் சொல்லி, அதை 12 ஆல் வகுத்த தொகையைக் குறிக்கும்படி கிராம உத்தியோகத்தரிடம் கேளுங்கள். கூலிக்கு நெல் வெட்டுபவர்களுக்கும் இதே கணக்குத்தான்.

இடப்பெயர்விலோ 2004 சுனாமியிலோ ஆவணங்களை இழந்த குடும்பங்கள், இல்லையென்று நின்றுவிட வேண்டாம். பிறப்பு, திருமண, மரணச் சான்றிதழ்களின் பிரதியைப் பிரதேச செயலகத்தின் பதிவாளர் பிரிவில் பெறலாம். பதிவான உறுதியின் பிரதியைக் காணிப் பதிவகத்தில் பெறலாம்; உறுதி இலக்கமும் நொத்தாரிசின் பெயரும் தெரிந்தால் தேடுவது சுலபம். அனுமதிப்பத்திரக் கோப்பு பிரதேச செயலகத்தில் இருக்கும். பார்க்க விடவில்லையென்றால், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுத்தில் கேளுங்கள். கொடுப்பதா இல்லையா என்பதை 14 வேலை நாட்களுக்குள் அவர்கள் தீர்மானிக்க வேண்டும். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லவேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை.

இனி, எல்லா ஆவணங்களையும்விட அதிகம் பயன்படும் ஒன்று: ஒரே பக்கத்தில் நீங்களே எழுதும் தேதிக் குறிப்பு. சட்ட உதவி நிலையத்தின் சட்டத்தரணிக்கு உங்களுக்குப் பின்னால் இருபது பேர் காத்திருப்பார்கள். கதையை நடுவிலிருந்து தொடங்கி அழுதுகொண்டே சொன்னால், முக்கியமான தேதி தவறிப்போகும். இப்படி எழுதிக்கொண்டு போங்கள்:

‘2023 மார்ச்: 80,000 ரூபா கடன் எடுத்தேன். கையில் தந்தது 74,000. வாரம் 2,100 ரூபா வீதம் கட்டினேன். 2024 ஜனவரி: கணவருக்குச் சுகமில்லை, கட்டவில்லை. ஜூன் 10: இரண்டு பேர் வீட்டுக்கு வந்து, எழுதாத தாளில் கையொப்பம் வாங்கினார்கள். அயல் வீட்டுக்காரர் பார்த்தார். ஆகஸ்ட் 2: அழைப்பாணை கிடைத்தது. நீதிமன்றத் தவணை ஆகஸ்ட் 28.’

இவ்வளவு போதும். யார் நல்லவர், யார் கெட்டவர் என்ற விளக்கம் வேண்டாம். இந்தப் பத்து வரியில் ஒரு சட்டத்தரணி மூன்று வாதங்களைக் கண்டுபிடித்துவிடுவார்.

மூன்றாம் படி: நிலையத்தில்

நீதிமன்றப் பகுதியில் எந்தச் சட்டத்தரணியிடம் கேட்டாலும் சட்ட உதவி நிலையத்துக்கு வழிகாட்டுவார்கள். காலையிலேயே போங்கள். அங்கே உங்கள் விபரங்களைப் பதிந்து, வருமானத்தையும் வழக்கில் நியாயம் இருக்கிறதா என்பதையும் பார்ப்பார்கள். உண்மையைச் சொல்லுங்கள். வெளிநாட்டிலிருக்கும் மகன் மாதம் பணம் அனுப்புவதை மறைத்தால், எதிர்த்தரப்பு அதை நீதிமன்றத்தில் கொட்டும்போது உங்கள் வழக்கு முழுவதும் சந்தேகத்துக்குள்ளாகும்.

திரும்புமுன் நான்கு விடயங்களைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்: என் வழக்கைப் பார்க்கப்போவது யார்? அடுத்த தேதி எது? நான் கொண்டுவர வேண்டியது என்ன? சட்டத்தரணிக் கட்டணம் தவிர வேறு என்ன செலவு வரும்? கடைசிக் கேள்வியை விடாதீர்கள். உறுதிப் பிரதி, நில அளவை, பத்திரிகை விளம்பரம் போன்ற செலவுகள் சில வழக்குகளில் உங்கள் தலையில் விழலாம். எந்தப் பணம் கேட்கப்பட்டாலும் பற்றுச்சீட்டு கேளுங்கள். வளாகத்துக்கு வெளியே நின்று ‘நான் பேசி முடித்துத் தருகிறேன்’ என்று வருபவருக்கு ஒரு சதமும் கொடுக்காதீர்கள்.

உங்களுக்காகத் தோன்றும் அதிகாரத்தைச் சட்டத்தரணிக்குக் கொடுக்கும் பத்திரத்திலும், சத்தியக்கடதாசியிலும் (உண்மையென்று சத்தியம் செய்து எழுதித் தரும் வாக்குமூலம்) கையொப்பம் இடுவீர்கள். வாசித்துக் காட்டச் சொல்லிக் கேட்டு, புரிந்த பிறகு ஒப்பமிடுங்கள். அரசியலமைப்பின்படி வடக்கு, கிழக்கு மாகாணங்களில் நிர்வாக மொழியும் நீதிமன்ற மொழியும் தமிழ். நிதி நிறுவனங்களின் ஆவணங்கள் ஆங்கிலத்தில் வந்தால் தமிழில் விளக்கச் சொல்வது உங்கள் உரிமை. தெரியாத மொழியில் எழுதிய எதிலும், அது பொலிஸ் நிலைய வாக்குமூலமாக இருந்தாலும், கையொப்பமிடாதீர்கள்.

கடன்: முதலில் பயத்தை அடக்குங்கள்

இதைப் பற்றித்தான் அதிகம் எழுத வேண்டியிருக்கிறது. குழுக் கடன் எடுத்த பெண்கள் படுகிற அவமானத்தைக் கண்டும் காணாததுபோல் இருக்க என்னால் முடியவில்லை.

கடனைக் கட்ட முடியாமற்போவது குற்றம் அல்ல. அதற்காகப் பொலிஸ் உங்களைக் கைது செய்ய முடியாது. கடன் வசூலிப்பது பொலிஸின் வேலையும் அல்ல. நீதிமன்றக் கட்டளை இல்லாமல் வீட்டுக்குள் புகுந்து தையல் மெஷினையோ தொலைக்காட்சியையோ தூக்கிக்கொண்டு போக வசூலிப்பவருக்கு அதிகாரம் இல்லை. இரவில் வந்து வாசலில் உட்காருவதும், பிள்ளைகள் முன்னால் ஏசுவதும் முறைப்பாடு செய்யத்தக்கவை. ஆனால் காசோலை விடயம் வேறு: கணக்கில் பணமில்லாமல் காசோலை கொடுத்துத் திரும்பினால் அது குற்ற வழக்காக மாறலாம். ஆகவே உத்தரவாதம் என்ற பெயரில் நிரப்பாத காசோலையோ வெற்றுத் தாளோ கொடுக்கவே வேண்டாம்.

தனியாரிடம் வாங்கிய கடனில் உங்களைக் காக்கும் பழைய சட்டங்கள் இருக்கின்றன. 1918ஆம் ஆண்டின் கடன் கொடுத்தல் கட்டளைச் சட்டப்படி, வாக்குறுதிச் சீட்டில் (கடனைத் திருப்பித் தருவதாக எழுதி ஒப்பமிடும் சீட்டு) உண்மையாகக் கைக்குத் தந்த தொகை, முன்கூட்டியே கழித்த வட்டி, வட்டி வீதம் ஆகியவை எழுதப்பட்டிருக்க வேண்டும். மேலே தேதிக் குறிப்பில் ‘கையில் தந்தது 74,000’ என்று எழுதச் சொன்னது இத்தகைய விபரங்கள் வழக்கில் எடைபோடப்படுவதால்தான். வாக்குறுதிச் சீட்டின் மீது வழக்குத் தொடரும் உரிமை 6 ஆண்டுகளிலும், எழுத்தில் இல்லாத வாய்மொழிக் கடன் 3 ஆண்டுகளிலும் காலாவதியாகும். இடையில் ஒரு சிறு தொகை கட்டினாலோ கடனை ஏற்று எழுதிக் கொடுத்தாலோ அந்தக் காலம் புதிதாகத் தொடங்கக்கூடும். பழைய கடனுக்கு ‘ஒரு ஆயிரமாவது தாருங்கள், ஒப்பமிட்டுத் தாருங்கள்’ என்று வருபவரிடம், சட்டத்தரணியைக் கேட்டுச் சொல்கிறேன் என்று மட்டும் சொல்லுங்கள்.

வங்கிகள் கையாளும் வழி இரண்டு. வீட்டை ஈடு வைத்திருந்தால் வழக்கில்லாமலே ஏலத்துக்கு விடும் அதிகாரம் 1990ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டத்தில் இருக்கிறது. ஆனால் 2011 திருத்தத்தின் பின், பெற்ற கடனின் முதல் தொகை (வட்டி சேராமல்) 50 இலட்சம் ரூபாவுக்குக் குறைவாக இருந்தால் அந்த வழியைப் பயன்படுத்த முடியாது. இதை அறியாமல், ஏலக் கடிதத்தைக் கண்டதும் பாதி விலைக்கு வீட்டை விற்றுவிடுபவர்கள் இருக்கிறார்கள். அது மனதை உறுத்துகிறது.

இரண்டாவது வழி 1990ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடன் அறவீட்டுச் சட்டத்தின் கீழான வழக்கு. இது மிகக் கடுமையானது. நீதிமன்றம் முதலிலேயே ஒரு நிபந்தனைத் தீர்ப்பாணையை (நீங்கள் தக்க காரணம் காட்டாவிட்டால் இறுதியாகிவிடும் தீர்ப்பு) விடுத்து உங்களுக்கு அனுப்பும். குறித்த தவணையில் வெறுமனே போய் நின்று பேச முடியாது. எதிர்வாதம் செய்ய அனுமதி கேட்டு, சத்தியக்கடதாசியுடன் விண்ணப்பிக்க வேண்டும். தவணைக்கு முந்தின நாள் சட்ட உதவிக்கு ஓடினால் அதைத் தயாரிக்க நேரம் போதாது. தாள் கையில் கிடைத்த கிழமையே போங்கள்.

சாதாரணக் கடன் வழக்கில் நீங்கள் போகாமல் விட்டால் ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பு வரும். அந்தத் தீர்ப்பாணை உங்களுக்குச் சேர்ப்பிக்கப்பட்டு 14 நாட்களுக்குள், வராததற்கு நியாயமான காரணம் காட்டி அதை நீக்கக் கேட்கலாம். வைத்தியசாலையில் இருந்தீர்களா, அழைப்பாணை வேறு வீட்டில் கொடுக்கப்பட்டதா, அதற்கான அத்தாட்சியோடு உடனே நிலையத்துக்கு ஓடுங்கள். 15ஆம் நாள் கதவு அடைபட்டுவிடும்.

2018இல் வறட்சி பாதித்த 12 மாவட்டங்களில் பெண்கள் எடுத்த ஒரு இலட்சம் ரூபா வரையான நுண்நிதிக் கடன்களை அரசு தள்ளுபடி செய்தது. நம் மாவட்டமும் அதில் இருந்தது. மறுபடியும் அப்படியொன்று வரும் என்று நம்பி அழைப்பாணையைத் தள்ளிப்போடாதீர்கள். கட்ட வழியிருந்தால் நிறுவனத்தோடு எழுத்தில் தவணை மறுசீரமைப்புக் கேளுங்கள். பதில் இல்லையென்றால் மத்திய வங்கிக்கு முறைப்பாடு எழுதலாம்.

தாபரிப்பு: போகாமல் இழக்கும் உரிமை

1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கத் தாபரிப்புச் சட்டத்தின் கீழ், வசதியுள்ள வாழ்க்கைத்துணை தன்னைத்தானே காத்துக்கொள்ள முடியாத மற்றவரைப் பராமரிக்க வேண்டும்; பெற்றோர் பிள்ளைகளைப் பராமரிக்க வேண்டும். திருமணத்துக்கு வெளியே பிறந்த பிள்ளைக்கும் இந்த உரிமை உண்டு. 18 வயதோடு முடிந்துவிடுவதும் இல்லை. தன்னைத்தானே பராமரிக்க முடியாத பிள்ளைக்காக 25 வயது வரையும், மாற்றுத்திறனாளிப் பிள்ளைக்காக அதற்குப் பிறகும் கேட்கலாம்.

நீங்கள் வசிக்கும் இடத்து நீதவான் நீதிமன்றத்திலேயே விண்ணப்பிக்கலாம். கணவர் கொழும்பில் இருந்தாலும் அங்கே போக வேண்டியதில்லை. பிள்ளைகளின் பாடசாலைச் செலவு, மருந்து, வீட்டு வாடகை, பால்மா என்று மாதக் கணக்கு ஒன்றை எழுதிச் செல்லுங்கள். அவருடைய வேலையிடம், சம்பளம், வாகன இலக்கம், வெளிநாட்டில் இருந்தால் கம்பனியின் பெயர், கடவுச்சீட்டுப் பிரதி, எது கிடைக்கிறதோ எல்லாம் உதவும். அரச ஊழியரென்றால் சம்பளத்திலிருந்தே நேரடியாகக் கழிக்க நீதிமன்றம் உத்தரவிட முடியும். கட்டளையைக் கட்டாமல் ஏமாற்றினால் சிறைத் தண்டனையும் உண்டு. தாமதிக்காதீர்கள்: பணம் பொதுவாக விண்ணப்பித்த நாளிலிருந்துதான் கணக்கிடப்படும். யோசித்துக்கொண்டே கழித்த மாதங்களுக்கு ஒன்றும் கிடைக்காது.

வன்முறையும் சேர்ந்திருந்தால் 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் பாதுகாப்புக் கட்டளை கேளுங்கள். அன்றே இடைக்காலக் கட்டளை வழங்க நீதவானால் முடியும். அதற்கு உடலில் காயம் இருக்க வேண்டும் என்பதில்லை. பிரதேச செயலகத்தின் பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தர் விண்ணப்பம் எழுத உதவுவார். 1938 பெண்களுக்கான உதவித் தொலைபேசி, பிள்ளைகளுக்கு 1929.

கிண்ணியா, மூதூர்ச் சகோதரிகளுக்கு ஒரு குறிப்பு: காதி நீதிமன்றத்தில் சட்டத்தரணிகள் தோன்ற முடியாது. ஆனால் விண்ணப்பத்தை எழுதவும், காதியின் தாபரிப்புக் கட்டளையை நீதவான் நீதிமன்றத்தின் மூலம் நிறைவேற்றவும் சட்ட உதவியை நாடலாம்.

காணி

காணியில் முதல் விதி: யாராவது உங்களை உங்கள் காணியிலிருந்து வெளியேற்றினால் இரண்டு மாதத்துக்குள் எழுந்து நில்லுங்கள். 1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்கச் சட்டத்தின் 66ஆம் பிரிவின் கீழ், பிணக்குப் பற்றிய தகவலை நீதிமன்றத்தில் தாக்கல் செய்வதற்கு முந்திய இரண்டு மாதத்துக்குள் பலவந்தமாக வெளியேற்றப்பட்டவரைத் திரும்பவும் குடியமர்த்த நீதிமன்றத்தால் முடியும். உரித்து யாருக்கு என்ற பெரிய விசாரணை பிறகு நடக்கும். இரண்டு மாதம் கடந்தால், ஆண்டுக் கணக்கில் இழுக்கும் மாவட்ட நீதிமன்ற வழக்குத்தான் மிச்சம்.

அனுமதிப்பத்திரக் காணியை அரச அனுமதியின்றி விற்கவோ ஈடு வைக்கவோ முடியாது. ஒரு தாளில் எழுதி வாங்கிவிட்டேன் என்று யாராவது வந்தால் பயப்படாதீர்கள். பின்னுரித்தாளர் (உங்களுக்குப் பின் காணி சேரவேண்டியவர்) பெயர் பதியப்பட்டிருக்கிறதா என்று இன்றே பாருங்கள். பெயரிடாமல் இறந்தால் யாருக்கு என்பதில் ஆண் பிள்ளைக்கு முன்னுரிமை இருந்தது. 2022 திருத்தம் அதை மாற்றியது.

வேலையும் சம்பளமும்

சேமலாப நிதி கட்டாமை, சம்பளப் பாக்கி ஆகியவற்றுக்குத் தொழில் அலுவலகத்தில் முறைப்பாடு இலவசம், சட்டத்தரணி தேவையில்லை. அநியாயமாக வேலைநீக்கினால் தொழில் நியாய சபைக்கு விண்ணப்பிக்க 6 மாதம்தான். ‘திரும்பக் கூப்பிடுவோம்’ என்று முதலாளி சொல்லும் வார்த்தை அந்த ஆறு மாதத்தை விழுங்கிவிடும்.

மத்தியஸ்த சபைக்குப் பயப்பட வேண்டாம்

1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டப்படி, சட்டம் குறிக்கும் தொகைக்குட்பட்ட கடன், காணி, சேதம் போன்ற பிணக்குகளை நேரே நீதிமன்றம் கொண்டுபோக முடியாது. முதலில், இரு தரப்பையும் பேசி இணங்கவைக்கும் மத்தியஸ்த சபை. இணக்கம் வராவிட்டால் அவர்கள் தரும் சான்றிதழோடுதான் வழக்கு. பெரும்பாலும் வார இறுதியில், பாடசாலைக் கட்டடத்தில் கூடும். அங்கே சட்டத்தரணிகளுக்கு இடமில்லை. எதிர்த்தரப்பு எவ்வளவு பணக்காரராக இருந்தாலும் அவரும் தனியாகத்தான் உட்கார வேண்டும். இதனாலேயே ஏழைக்கு இது நல்ல இடம் என்று நான் நினைக்கிறேன். ஆனால் போகுமுன் சட்ட உதவி நிலையத்தில் ஒருமுறை பேசி, எவ்வளவுக்கு இணங்கலாம் என்று தெரிந்துகொள்ளுங்கள். உங்களால் கட்ட முடியாத தவணைக்கு வெட்கத்தால் தலையாட்டாதீர்கள். மாதம் 3,000 ரூபாதான் முடியுமென்றால் அதையே திரும்பத் திரும்பச் சொல்லுங்கள்.

தவணை நாள்

ஒன்பது மணிக்கு முன் வளாகத்தில் இருங்கள். வழக்கு இலக்கத்தைக் கைபேசியில் மட்டுமல்ல, தாளிலும் எழுதி வைத்திருங்கள். உள்ளே கைபேசியை நிறுத்தி வைக்க வேண்டியிருக்கும். பெயர் கூப்பிடும்போது தேநீர்க் கடையில் இருந்தால், வரவில்லை என்றே பதிவாகும். சட்டத்தரணி வரத் தாமதமானால், பெயர் கூப்பிட்டதும் எழுந்து, ‘ஐயா, நான் வந்திருக்கிறேன், சட்ட உதவிச் சட்டத்தரணி வந்துகொண்டிருக்கிறார்’ என்று சொல்லுங்கள். வெளியே வரும் முன் அடுத்த தவணையை எழுதிக்கொள்ளுங்கள்.

உதவி மறுக்கப்பட்டால்

வருமான வரம்புக்கு மேல் என்று சொன்னால், காரணத்தை எழுத்தில் கேளுங்கள். கொழும்பு புதுக்கடையில் உள்ள ஆணைக்குழுவின் தலைமையகத்துக்குத் தமிழில் எழுதலாம். ஓர் அரச அலுவலகம் உங்களைப் பாகுபாட்டோடு நடத்தினால் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகம் நகரில் இருக்கிறது. உடனடித் தொலைபேசி 1996.

வழக்கில் தோற்றுவிட்டால் தீர்ப்பின் உறுதிப்படுத்திய பிரதிக்கு அன்றே விண்ணப்பியுங்கள். மாவட்ட நீதிமன்றத் தீர்ப்பை எதிர்த்து மேன்முறையீடு செய்ய, 14 நாட்களுக்குள் அறிவித்தலும் 60 நாட்களுக்குள் மனுவும் கொடுக்க வேண்டும். மேன்முறையீட்டுக்கும் சட்ட உதவி கிடைக்குமா என்று, நீதிமன்றத்திலிருந்து வீடு திரும்பும் முன்னரே உங்கள் சட்டத்தரணியிடம் கேட்டுவிடுங்கள்.